மேடை நாடகம் போட எவ்வளவு ஆகும்? செலவுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிறு நாடகக் குழுக்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுத்து வருகிறேன். புதிதாக நாடகம் போட வருகிறவர்கள் போனிலும், ஒத்திகை முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இதில் வரும் வாடகையும் கூலியும் கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் ரேட்டை விசாரித்து அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. "ஒரு நாடகம் போட மொத்தம் எவ்வளவு ஆகும்? தோராயமா ஒரு தொகை சொல்லுங்க."

ஒரு தொகை போதாது, இரண்டு வேண்டும். நாடகத்தை உருவாக்க ஒரே தடவை ஆகும் தயாரிப்புச் செலவு ஒன்று. ஒவ்வொரு முறை மேடையேற்றும்போதும் ஆகும் காட்சிச் செலவு இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதினாலும் நடுவில் கோடு போட்டுத் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

எட்டு நடிகர்கள், ஒன்றரை மணி நேர நாடகம் என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகை இடம் மணிக்கு 300 ரூபாய், தினம் 3 மணி நேரம், 30 நாள்: 27,000. ஒத்திகையில் 12 பேருக்கு டீ, பலகாரம் 10,800. நடிகர்கள் ஒத்திகைக்கு வந்துபோக 14,400. செட் 25,000. உடையும் கைப்பொருட்களும் (நடிகர்கள் மேடையில் கையாளும் சாமான்கள்) 18,000. இசை 12,000. போஸ்டர், புகைப்படம் 6,000. எழுதியவருக்கு 10,000. கூட்டினால் 1,23,200. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 1,35,520. இது தயாரிப்புச் செலவு.

இனி ஒரு காட்சிக்கு: 250 இருக்கை அரங்கின் வாடகை 20,000, லைட் 12,000, சவுண்ட் 6,000, வண்டியும் ஏற்றுக்கூலியும் 6,000, ஒப்பனை 3,000, நடிகர்களுக்குத் தலா 1,500 வீதம் 12,000, மேடை உதவிக்கு நான்கு பேர் 4,000, சாப்பாடு 3,000. ஆக 66,000. முதல் காட்சி முடிந்ததும் "செலவெல்லாம் ஆயிடுச்சு, இனிமே வர்றதெல்லாம் வரவு" என்று நினைக்கும் குழுக்கள் நிறைய. இரண்டாவது காட்சிக்கும் அதே 66,000 வேண்டும். நல்ல நாடகங்கள் இரண்டு, மூன்று காட்சிகளோடு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2. "பட்ஜெட்டை யார் போடணும்? டைரக்டரே போட்டுடலாமா?"

போடும்போது இயக்குநர் கூட உட்காரட்டும். ஆனால் பேனா வேறொருவர் கையில் இருக்கட்டும். காட்சி அழகாக வரவேண்டும் என்று பார்ப்பவரும், காசு போதுமா என்று பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் ஏதோ ஒரு வேலை கெடும்.

நாடகப் பிரதியை வரிவரியாகப் படித்துத்தான் பட்ஜெட் எழுத வேண்டும். "கிழவி வெற்றிலை இடித்தபடி பேசுகிறாள்" என்று ஒரு வரி வருகிறது. இடிக்கும் சிறு உரல் ஒரு முறை வாங்கினால் போதும், அது தயாரிப்புச் செலவு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக வேண்டும், அது காட்சிச் செலவு. நடிகை உண்மையிலேயே போட்டு மென்றால் வாய் கழுவத் தண்ணீரும், துப்பப் படிக்கமும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். உரல் சத்தம் வசனத்தை மறைக்குமானால் அடியில் துணி. ஒரு வரியில் இத்தனை இருக்கிறது. பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். அந்தக் குறிப்புகளைக் கூட்டினால் கிடைப்பதுதான் நம்பத்தகுந்த பட்ஜெட்.

3. "எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தான். ஒத்திகைக்கு என்ன பெரிய செலவு வந்துடப் போகுது?"

மேலே கூட்டிய தொகையைப் பாருங்கள். இடம், டீ, பஸ் மூன்றும் சேர்ந்து 52,200. செட்டுக்கு ஆவதைப்போல இரண்டு மடங்கு. அன்றாடம் சில்லறையாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

இதைக் குறைக்க ஒத்திகை நாட்களை வெட்டாதீர்கள். இடத்தை மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து வாசிக்கும் ஒத்திகைதான்; அதற்கு ஒரு வீட்டு மொட்டை மாடியோ, பள்ளி வகுப்பறையோ போதும். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு வாடகை இடம் எடுக்கலாம். அதில் மேடையின் அளவைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். எட்டுப் பேரையும் தினமும் வரச் சொல்லாமல் அன்று ஒத்திகை பார்க்கும் பகுதியில் வருகிறவர்களை மட்டும் அழைத்தால் போக்குவரத்தும் குறையும், சும்மா உட்கார்ந்திருக்கும் நடிகரின் அலுப்பும் குறையும்.

4. "ஹால் வாடகை ஒண்ணு சொன்னாங்க, பில்லு வந்தப்ப வேற மாதிரி இருக்கு. ஏன்?"

வாடகை என்று சொல்வது பல இடங்களில் நாலு சுவருக்கும் நாற்காலிக்கும் மட்டும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஏசி எத்தனை மணி நேரம், கரண்ட் போனால் ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, துப்புரவுக் கட்டணம், வாட்ச்மேன், வண்டி நிறுத்தம், கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு எப்போது திரும்பும்: இத்தனையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக வாங்கினாலும் போதும்.

முக்கியமாகக் கேட்கவேண்டியது, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பது. மாலை 7 மணி காட்சிக்கு மதியம் 2 மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றால் லைட் கட்டி, ஃபோகஸ் செய்து, நாடகத்தை ஒரு முறை ஓட்டிப் பார்க்க நேரம் போதாது. அப்போது அரை நாள் கூடுதலாக எடுக்க நேரும். மலிவாகத் தெரிந்த அரங்கு கடைசியில் விலை கூடுவது இங்கேதான்.

5. "போலீஸ் பர்மிஷன் வாங்கணுமா? அதுக்கு எவ்வளவு ஒதுக்கணும்?"

நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வைத்த 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்துவிட்டது. வழக்குப் போட்டவர் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி. அவருக்கு நாடகக்காரர்கள் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

தெரு, பூங்கா, கடற்கரை போன்ற பொது இடமென்றால் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்பதால் தொடங்கும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். பணமாகப் பெரிய செலவு இல்லை, அலைச்சல் உண்டு. அலையும் ஆளுக்கு ஆட்டோ காசு எழுதுங்கள்.

6. "செட் பிரமாண்டமா இருந்தாத்தானே ஜனம் பேசுவாங்க?"

ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகக் குழு தந்திரக் காட்சிகளுக்கும் அரண்மனை செட்டுகளுக்கும் பேர்போனது. ஜனம் பேசியது உண்மைதான். ஆனால் அவர்கள் அதே நாடகத்தை நூற்றுக்கணக்கான முறை நடத்தினார்கள், செட்டின் விலை அத்தனை காட்சிகளிலும் பங்காகிவிட்டது. நீங்கள் ஐந்து காட்சி போடப்போகிறீர்கள் என்றால் 25,000 ரூபாய் செட் காட்சிக்கு 5,000 ஆகிறது. நூறு காட்சிக்கு அதுவே 250. எத்தனை காட்சி என்று தெரியாமல் செட்டுக்குத் தொகை ஒதுக்க முடியாது.

செட்டை வரையும்போதே வண்டியை நினைவில் வையுங்கள். கடையில் கிடைக்கும் ப்ளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் பின்தட்டு சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றே குறைந்த அகலம். முழுப் பலகையில் தட்டி (செட்டின் சுவராக நிற்கும் பலகை) செய்தால் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின்கதவு மூடாது, கயிறு கட்டி ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பெரிய வண்டி பேச வேண்டும். அதே தட்டியை நடுவில் கீல் வைத்து மடிக்கும்படி செய்தால் ஒரே நடையில் எல்லாம் போய்விடும். கீலுக்கு ஆகும் சில நூறு ரூபாய் முதல் நடையிலேயே திரும்பிவிடும். காட்சி முடிந்த பிறகு செட்டை எங்கே வைப்பது என்பதும் செலவுதான். வைக்க இடமில்லாமல் உடைத்துப் போட்ட செட்டுகள் இந்த ஊரில் ஏராளம்.

செட்டே இல்லாமல் போடும் வழியும் நம்மிடம் வலுவாக இருக்கிறது. 1970-களின் இறுதியிலிருந்து வீதி நாடகக் குழுக்கள் இரண்டு ஸ்டூலும் நான்கு துண்டும் வைத்துக்கொண்டு பெரிய விஷயங்களைப் பேசியிருக்கின்றன. உங்கள் பிரதி அதைத் தாங்குமா என்பதை மட்டும் பாருங்கள்.

7. "லைட்டுக்கும் சவுண்டுக்கும் ஏன் இவ்வளவு கேக்கறாங்க?"

லைட் வாடகையும் லைட் வடிவமைப்பாளர் சம்பளமும் வேறு வேறு. பார் கேன், ஸ்பாட் விளக்குகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், அவற்றை இயக்கும் கன்சோல் எல்லாம் நாள் வாடகை. வடிவமைப்பவர் ஒத்திகைக்கு இரண்டு நாளாவது வந்து பார்க்க வேண்டும், அதற்கும் சேர்த்துப் பேசுங்கள். ஒத்திகையே பார்க்காமல் காட்சியன்று வந்து விளக்குப் போடுகிறவருக்குக் கொடுக்கும் காசு வெளிச்சத்துக்கான காசு மட்டுமே.

ஒலியில் காலர் மைக்தான் விலையை ஏற்றுவது. எழும்பூர் மியூசியம் தியேட்டர் போல ஒலியமைப்பு நன்றாக இருக்கும் பழைய அரங்கிலோ, நூறு பேர் உட்காரும் சிறு இடத்திலோ நடிகர்கள் குரலைப் பழக்கிவந்தால் அது வேண்டியதில்லை. எடுத்தால் எட்டு மைக்குக்கும் புது பேட்டரி எழுதுங்கள். பழைய பேட்டரியில் மிச்சம் பிடிக்கப் பார்த்து நாடகத்தின் நடுவில் குரல் அறுந்துபோனால் அந்தக் காட்சியே போச்சு.

8. "நடிக்கறவங்க ஆசையாத்தானே வர்றாங்க? அவங்களுக்கும் பணம் கொடுக்கணுமா?"

கொடுக்க வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதில் நடித்தவர்களில் பலர் வக்கீல்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள். நடித்துப் பிழைக்க வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. சென்னை சபா நாடகத்தில் அமெச்சூர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்த வழியில் வந்தது. இன்று உங்கள் ஒத்திகைக்கு வருகிறவர் அம்பத்தூரில் ஷிப்ட் முடித்து, இரண்டு பஸ் மாறி வருகிறார். சம்பளம் இல்லையென்றால் சொந்தக் காசு உள்ளவர்கள் மட்டுமே நடிக்க முடியும் என்றாகிவிடும். அப்புறம் நம் மேடையில் யாருடைய கதைகள் வரும், யாருடையது வராது என்பதையும் அதுவே தீர்மானித்துவிடும்.

தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பஃபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சம்பளம் பேசித்தான் புக் செய்கிறார்கள். வட மாவட்டங்களில் கூத்து ஜமாக்களில் (குழுக்களில்) வந்த தொகையைப் பங்கு வைத்துப் பிரிக்கும் வழக்கம் உண்டு. படித்தவர்கள் நடத்தும் நவீன நாடகத்தில்தான் சம்பளப் பேச்சு எடுப்பதற்குக் கூச்சம். பெரிய தொகை தர முடியாவிட்டால் பரவாயில்லை. பஸ் காசும் சாப்பாடும் முதல் நாளிலிருந்து, காட்சிக்கு ஒரு தொகை அன்றிரவே. எல்லோருக்கும் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மேடைக்குப் பின்னால் நிற்பவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. "டிக்கெட் விலை எவ்வளவு வைக்கலாம்?"

கேள்வி 1-ல் வந்த 66,000-ஐ டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். 300 ரூபாய் என்றால் 220 டிக்கெட் விற்றால்தான் அந்தக் காட்சியின் செலவே வரும். 250 இருக்கையில் 220 என்பது பிரபல நடிகர் இல்லாத புதுக் குழுவுக்குக் கஷ்டம். 160 விற்றால் வரவு 48,000, கையிலிருந்து 18,000 போடுவீர்கள். தயாரிப்புச் செலவில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை.

விலையை 500 வரை ஏற்றலாம். ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஆனால் எல்லா இருக்கைக்கும் 500 வைத்தால் மாணவர்கள் வரமாட்டார்கள். முன்வரிசை 500, நடு 300, மாணவர்களுக்குக் கடைசி வரிசை 150 என்று பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. ஆன்லைனில் விற்றால் அவர்கள் பிடிக்கும் கமிஷனைக் கழித்துவிட்டு வரவு எழுதுங்கள். பணம் கைக்கு வர சில நாளாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

10. "ஒரே நாள்ல ரெண்டு ஷோ போட்டா செலவு ரெண்டு மடங்கு ஆயிடாதா?"

ஆகாது. சிறு குழுக்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனையே இதுதான். லைட்டும் சவுண்டும் நாள் வாடகை, இரண்டாவது காட்சிக்கு ஆபரேட்டருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும். செட் ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்கும். அரங்கும் முழு நாளுக்கு எடுக்கும்போது சற்றுக் குறையும்.

நம் கணக்கில் அரங்கு 30,000, லைட் 14,000, சவுண்ட் 7,000, வண்டி அதே 6,000, ஒப்பனை 4,000, நடிகர்களுக்கு இரண்டு காட்சிச் சம்பளம் 24,000, மேடை உதவி 6,000, இரு வேளைச் சாப்பாடு 5,250. ஆக 96,250. டிக்கெட் 300 என்றால் 321 விற்க வேண்டும், அதாவது காட்சிக்கு 160 அல்லது 161. தனிக் காட்சிக்கு 220 தேவைப்பட்டது. அறுபது டிக்கெட் வித்தியாசம்.

காட்சிக்கு 200 பேர் வந்தால் அன்று 1,20,000 வரவு, 23,750 மிச்சம். அப்படி ஆறு நாள், பன்னிரண்டு காட்சி நடந்தால்தான் தயாரிப்புச் செலவு முழுதாகத் திரும்பும். அதனால் முதல் காட்சிக்குத் தேதி வைக்கும்போதே ஆறு நாளுக்கும் யோசித்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மூன்றரை மணிக் காட்சிக்கும் ஏழு மணிக் காட்சிக்கும் இடையே நடிகர்கள் உட்கார்ந்து சாப்பிட முழுதாக ஒரு மணி நேரம் வேண்டும்.

11. "பாஸ் கேக்கறவங்களை எப்படிச் சமாளிக்கிறது?"

இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு என்று முதலிலேயே முடிவு செய்து, பெயர்ப் பட்டியல் எழுதி ஒருவர் பொறுப்பில் விடுங்கள். விமர்சகர், பிற குழுக்களின் இயக்குநர்கள், உதவி செய்தவர்கள், நடிகர்களின் வீட்டாருக்கு ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் கேட்டால் "கணக்குப் பார்க்கிறவர் கையில இருக்கு" என்று என்னைப் போன்றவரைக் கைகாட்டிவிடுங்கள், அதற்குத்தான் இருக்கிறோம். கேள்வி 9-ன் கணக்கில் 25 பாஸ் போனால் விற்க 225 இருக்கைதான் மிச்சம், தேவை 220.

12. "சபாவுல போட்டா லாபமா, நாமளே ஹால் எடுத்துப் போட்டா லாபமா?"

சென்னை சபாக்கள் உறுப்பினர் சந்தாவில் நடப்பவை. அழைத்தால் குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். அரங்கும் விளம்பரமும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. நம் கணக்கில் அரங்கை எடுத்துவிட்டால் காட்சிச் செலவு 46,000. சபா தரும் தொகை இதற்கு மேல் இருந்தால் போங்கள், குறைந்தால் எவ்வளவு குறைகிறது, அது எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

சபா வழியின் பெரிய பலன், காட்சிகள் தொடர்ந்து கிடைப்பது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகம் அரங்கேறிப் பிறகு மற்ற சபாக்களைச் சுற்றிவருவது வழக்கம். ஆனால் சபா பார்வையாளர் ஒரு மாதிரி, உங்கள் நாடகத்தைத் தேடிவருபவர் வேறு மாதிரி. ஐந்து சபாக் காட்சி, இரண்டு சொந்தக் காட்சி என்று கலந்து போடும் குழுக்கள் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன.

13. "பிரபல எழுத்தாளர் கதையை நாடகமாக்கறோம். உரிமைக்குக் காசு தரணுமா?"

எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை அவர் வாரிசுகளுடையது. அசோகமித்திரன் 2017-ல் மறைந்தார், ஆகவே அனுமதி வேண்டும். புதுமைப்பித்தன் 1948-லும் கல்கி 1954-லும் மறைந்தவர்கள், இருவர் எழுத்தும் நாட்டுடைமை ஆனவை, கட்டணம் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1964-ல் மறைந்தார். அவருடைய நாடகங்களும் இப்போது எல்லோருக்கும் பொது. எடுத்துப் போடுங்கள், அத்தனை நாடகங்கள் தூசி படிந்து கிடக்கின்றன.

ஷேக்ஸ்பியருக்கு உரிமை கிடையாது, ஆனால் நீங்கள் எடுக்கும் தமிழாக்கத்துக்கு இருக்கலாம். அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் இலவசமாக நடத்தினால் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டால் இல்லை. சினிமாப் பாட்டு ஒலிக்கவிடுவதற்கும் உரிமம் வேண்டும், அதனால் சொந்த இசை பல சமயம் மலிவு. உயிரோடு இருக்கும் எழுத்தாளர் "சும்மா போட்டுக்கோங்க" என்று சொன்னாலும் ஒரு தொகை கொடுங்கள், எத்தனை காட்சிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

14. "ஸ்பான்சர் வாய்வார்த்தையா ஒத்துக்கிட்டாரு. அதை வரவுல எழுதலாமா?"

பாங்கில் விழுந்த பிறகு எழுதுங்கள். பட்ஜெட்டில் மூன்று பத்தி போடச் சொல்வேன்: கையில் வந்தது, எழுத்தில் உறுதியானது, பேச்சில் இருப்பது. செலவை முதல் இரண்டுக்குள் மட்டும் திட்டமிடுங்கள்.

பணமாகக் கேட்டால் தயங்குகிறவர் பொருளாகக் கேட்டால் தருவார். துணிக்கடையில் புடவை, அச்சகத்தில் போஸ்டர், மெஸ்ஸில் ஒருவேளைச் சாப்பாடு. அதையும் அதன் விலையோடு வரவில் எழுதி, செலவிலும் எழுதுங்கள். அடுத்த நாடகத்துக்கு அந்தக் கடை இல்லாதபோது உண்மைச் செலவு என்ன என்பது தெரிந்திருக்கும்.

15. "அரசாங்க உதவித்தொகை கிடைக்கும்னு சொல்றாங்களே, அதை நம்பி ஆரம்பிக்கலாமா?"

விண்ணப்பியுங்கள், நம்பி ஆரம்பிக்காதீர்கள். மத்திய கலாச்சார அமைச்சகத்தில் நாடகத் தயாரிப்புக்கும், குரு–சிஷ்ய முறையில் இயங்கும் குழுக்களுக்கும் திட்டங்கள் உண்டு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் புதிய நாடகங்களுக்கு நிதி தருகிறது. பெங்களூருவில் இருந்து இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனியார் அறக்கட்டளை. கலைஞர்களின் திட்டங்களுக்கு நிதி தருகிறார்கள்.

அரசுப் பணம் பெரும்பாலும் தவணையாக வரும். கடைசித் தவணை, நாடகம் முடிந்து, செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் (பணத்தைச் சொன்ன காரியத்துக்கே செலவழித்ததற்கான சான்று) கொடுத்த பிறகு. ஆகவே இடையில் கைமாற்றுக்கு வழி இருக்க வேண்டும். குழு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகி, சில ஆண்டுத் தணிக்கைக் கணக்கு இருந்தால்தான் பல திட்டங்களில் நுழையவே முடியும். இன்று பதிவு செய்து வைத்தால் மூன்று வருடம் கழித்துப் போடும் நாடகத்துக்கு உதவும்.

16. "எங்களுக்கு வருமானமே இல்ல. ஜிஎஸ்டி பத்தியெல்லாம் ஏன் கவலைப்படணும்?"

சேவைகளுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். பெரும்பாலான சிறு குழுக்கள் அதற்குக் கீழே. ஆனால் கேள்வி 4-ல் சொன்ன அரங்கு வாடகைக்கான 18 சதவீதத்தை நீங்கள் கட்டித்தான் ஆகவேண்டும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. வரி தனி என்றால் 20,000 வாடகை உண்மையில் 23,600. ரேட் கேட்கும்போதெல்லாம் "வரியோடவா, வரி தனியா?" என்று கேளுங்கள். மேலே என் கணக்கில் வந்தவை வரி சேர்ந்த தொகைகள்.

கூத்து போன்ற நாட்டார் கலைகளையோ செவ்வியல் கலைகளையோ நிகழ்த்தும் கலைஞருக்கு, நிகழ்ச்சிக் கட்டணம் ஒன்றரை லட்சம் வரை தனியாக விலக்கு இருக்கிறது. வரி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டரைப் பாருங்கள்.

17. "ரெண்டு வாரம் இருக்கு, காசு தீர்ந்துடுச்சு. எதை வெட்டலாம்?"

அச்சடித்த அழைப்பிதழ், ஃப்ளெக்ஸ், நினைவுப் பரிசு, பொன்னாடை: இவற்றை யோசிக்காமல் வெட்டுங்கள். அடுத்து செட். பாதி தட்டிகளை எடுத்துவிட்டுக் கறுப்புப் படுதா போதுமா என்று இயக்குநரோடு உட்கார்ந்து பாருங்கள், பல சமயம் நாடகம் மேம்படுகிறது. அடுத்து காலர் மைக். வீடியோ பதிவை மூன்று கேமராவிலிருந்து ஒன்றாக்குங்கள்.

சாப்பாடு, நடிகர் சம்பளம், இரவு பத்தரைக்கு மேல் வீடு திரும்பும் பெண்களுக்கான ஆட்டோ, மேடையில் ஏறி விளக்குக் கட்டுகிறவருக்கு உறுதியான ஏணி: இவற்றில் கைவைக்காதீர்கள். அரங்கில் நடக்கும் முழு ஒத்திகையையும் வெட்டாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள். முன்பணம் கொஞ்சம் போகும், கடன் மிஞ்சாது.

18. "நஷ்டம் வந்தா யார் தலையில விழும்?"

இதை முதல் ஒத்திகைக்கு முன்னால் பேசிவிட வேண்டும். யார் எவ்வளவு போடுகிறார்கள், அது கடனா, நன்கொடையா, திரும்பினால் யாருக்கு முதலில் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நான் சொல்லும் வரிசை: முதலில் அன்றைய கூலி, பிறகு கடைக்காரர்களின் பாக்கி, பிறகு போட்டவர்களின் முதல், மிச்சமிருந்தால் அடுத்த நாடகத்துக்கான இருப்பு. பேசாமல் விட்டால் இயக்குநரின் மனைவியின் நகை அடகுக்குப் போகும். அப்படி நடந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

குழுவின் பெயரில் தனி பாங்க் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், யுபிஐ-யில் கொடுத்தால் குறிப்பில் எதற்கு என்று ஒரு சொல். காட்சி முடிந்த வாரத்திலேயே மொத்தக் கணக்கையும் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

19. "வெளியூர்ல கூப்பிடறாங்க, 'எல்லாச் செலவும் நாங்க பாத்துக்கறோம்'ங்கறாங்க. ஒத்துக்கலாமா?"

எந்தெந்தச் செலவு என்று கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் ரயிலும் தங்குமிடமும் சாப்பாடும்தான் அவர்கள் மனதில் இருக்கும். செட்டுக்கு லாரி, அங்கே லைட் வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, ஸ்டேஷனிலிருந்து அரங்குக்கு வண்டி, வேலைக்கு லீவு போட்டுவரும் நடிகருக்கு அந்த நாட்களின் சம்பளம், புதுமேடைக்கு ஏற்ப மறு ஒத்திகை: இவை விட்டுப்போகும். உங்கள் காட்சிச் செலவோடு இவற்றைக் கூட்டி ஒரே தொகையாகக் கேளுங்கள், பாதி முன்பணமாக வாங்குங்கள், மீதி திரை ஏறுவதற்கு முன் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

செட்டைக் கொண்டுபோவதைவிட அளவுகளை முன்னாலேயே அனுப்பி அந்த ஊர்த் தச்சரை வைத்துச் செய்யச் சொல்வது சில சமயம் மலிவு. அந்த மேடையின் அகலம், ஆழம், உயரம், மின்சாரம் எத்தனை கிலோவாட் என்ற நான்கு விவரமும் வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.